ஹைபரி முதல் ஆஷ்பர்ட்டன் குரோவ் வரை: ஒரு கால்பந்து அரங்கின் கடன் வரலாறு

லண்டனின் ஆர்சனல் கால்பந்துக் கழகம் தன் வரலாற்றில் இரண்டு முறை புதிய அரங்கம் கட்டிக் குடிபெயர்ந்தது. 1913இல் தேம்ஸ் நதிக்குத் தெற்கேயுள்ள பிளம்ஸ்டெட்டை விட்டு வடக்கு லண்டனின் ஹைபரிக்கும், 2006இல் ஹைபரியை விட்டு அரை கிலோமீட்டர் தொலைவிலிருந்த ஆஷ்பர்ட்டன் குரோவுக்கும் அது சென்றது. முதல் அரங்கம் திறந்த மறு ஆண்டில் உலகப் போர் மூண்டது. இரண்டாவது அரங்கம் திறந்த இரண்டாம் ஆண்டில் உலக வங்கித்துறை நிலைகுலைந்தது. கட்டுவதா வேண்டாமா என்று ஒரு கழகம் கணக்குப் போடும் காலமும், கட்டியதற்கான கடனை அடைக்கும் காலமும் ஒரே உலகத்தைச் சேர்ந்தவையாக இருப்பதில்லை என்பதே அரங்கக் கடனின் அடிப்படைச் சிக்கல். ஒரு நூற்பாலையின் கடனை அதன் இயந்திரங்கள் ஓடி ஓடி அடைத்துவிடும். கால்பந்துக் கழகத்தின் வருவாயோ பதினொரு ஆட்டக்காரர்களின் கால்களையும், அவர்கள் தோற்றாலும் திரும்பி வரும் ரசிகர்களின் பற்றையும் நம்பியிருக்கிறது. அந்தப் பற்றை ஈடாக வைத்து இருபது, முப்பது ஆண்டுக்குக் கடன் வாங்கும் துணிச்சல் எங்கிருந்து வந்தது, அதன் விலையை யார் கொடுத்தார்கள் என்பதற்கு ஆர்சனலின் வரலாற்றைவிடத் தெளிவான சான்று இங்கிலாந்தில் இல்லை.

1886இல் வூலிச் நகரத்து அரசு ஆயுதத் தொழிற்சாலையின் தொழிலாளர்கள் தொடங்கிய இந்தக் கழகம் தொழிற்சாலையின் பெயரையே தனக்குச் சூட்டிக்கொண்டது. 1893இல் கால்பந்து லீகில் சேர்ந்தபோது தென்னிங்கிலாந்திலிருந்து அதில் இடம்பெற்ற முதல் கழகம் அதுதான். ஆனால் வூலிச்சும் அதையடுத்த பிளம்ஸ்டெட்டும் லண்டனின் ஒரு மூலையில் கிடந்தன. அங்கே போய்ச் சேர்வதே பார்வையாளர்களுக்குப் பெரும்பாடாக இருந்தது. கூட்டம் குறைந்து கழகம் 1910இல் திவாலாகும் நிலைக்கு வந்தபோது, ஃபுல்ஹாம் கழகத்தில் ஏற்கெனவே செல்வாக்குடன் இருந்த கட்டட வணிகர் ஹென்றி நோரிஸ் அதைக் கைப்பற்றினார். இரு கழகங்களையும் இணைக்க அவர் செய்த முயற்சியை லீக் ஏற்காததால், ஆர்சனலை மக்கள் அடர்ந்த ஒரு பகுதிக்குக் கொண்டுபோவதென்று முடிவெடுத்தார். ஹைபரியில் ஓர் இறையியல் கல்லூரியின் விளையாட்டுத் திடல் 20,000 பவுண்டுக்கு 21 ஆண்டுக் குத்தகையில் கிடைத்தது. கிறிஸ்துமஸ் நாளிலும் பெரிய வெள்ளியன்றும் ஆட்டம் நடத்தக் கூடாதென்பது நிபந்தனை. நோரிஸ் கண் வைத்தது திடலின் மீது மட்டுமல்ல, அதை ஒட்டியிருந்த கில்லெஸ்பி சாலைச் சுரங்க ரயில் நிலையத்தின் மீதும்தான். நிலையத்திலிருந்து நடந்தே வந்துவிடக்கூடிய அரங்கம் என்றால் லண்டனின் எந்தப் பகுதியிலிருந்தும் ரசிகர் வரலாம் என்ற அவருடைய கணிப்பு சரியாகவே இருந்தது. 1932இல் அந்த நிலையத்துக்கே ஆர்சனல் என்று பெயர் மாறியது. ஆனால் 1913 செப்டம்பர் 6 அன்று லெஸ்டர் ஃபாஸ் அணியை எதிர்த்து முதல் ஆட்டம் நடந்தபோது அரங்கம் பாதிதான் கட்டப்பட்டிருந்தது. காயமடைந்த ஆட்டக்காரர் ஒருவரைப் பால் வண்டியில் ஏற்றிக்கொண்டுபோக வேண்டியிருந்தது. அடுத்த ஆண்டு வந்த போர், கழகத்தின் வருவாயைப் பல ஆண்டுகளுக்கு முடக்கிவிட்டது.

1925இல் கழகம் 64,000 பவுண்டு கொடுத்து ஹைபரி நிலத்தைச் சொந்தமாக்கிக்கொண்டது. நிலம் சொந்தமானதன் அருமை எண்பது ஆண்டுகளுக்குப் பிறகே முழுமையாக வெளிப்பட்டது. 1930களில் ஹெர்பர்ட் சாப்மனின் பயிற்சியிலும் அவருக்குப் பின்னும் அணி வெற்றிமேல் வெற்றி குவித்தபோது, 1932இல் மேற்கு மாடமும் 1936இல் கிழக்கு மாடமும் எழுந்தன. மாடம் என்பது பார்வையாளர் அமரும் கூரையிட்ட அடுக்கு வரிசை. கிழக்கு மாடத்துக்கு மட்டும் 1,30,000 பவுண்டு செலவாயிற்று. தெருவைப் பார்த்த அதன் முகப்பின் அழகுக்காகக் கழகம் தாராளமாகச் செலவிட்டது. அந்தக் கடன் தீருமுன்பே 1939இல் மீண்டும் போர் வந்தது. ஹைபரி வான்தாக்குதல் பாதுகாப்பு நிலையமாக்கப்பட்டது, அணி தன் பரம எதிரியான டாட்டனம் கழகத்தின் திடலில் விளையாட நேர்ந்தது.

கட்டடக் கடனால் ஒரு கழகம் எவ்வளவு தாழ முடியும் என்பதை லண்டனின் இன்னொரு மூலையில் செல்சீ காட்டியது. அதன் மூன்றடுக்குக் கிழக்கு மாடம் 1974இல் திறக்கப்பட்டது. 1975இல் அணி இரண்டாம் பிரிவுக்கு இறக்கப்பட்டது. புதிய மாடத்துக்கான தவணை முதல் பிரிவின் அளவிலேயே நின்றது, வசூல் மட்டும் இரண்டாம் பிரிவின் அளவுக்குச் சரிந்தது. 1982இல் கென் பேட்ஸ் அந்தக் கழகத்தைக் கடன்களோடு சேர்த்து ஒரே ஒரு பவுண்டுக்கு வாங்கினார். அரங்க நிலம் கழகத்தின் கையை விட்டு மனை வணிகர்களிடம் போய், செல்சீ தன் சொந்த வீட்டிலிருந்தே வெளியேற்றப்படும் அபாயத்தில் பத்தாண்டு காலம் வாழ்ந்தது.

ஹைபரியின் எல்லையை இறுதியாக வரைந்தது ஒரு பெருந்துயரம். 1989 ஏப்ரல் 15 அன்று ஷெஃபீல்டின் ஹில்ஸ்பரோ அரங்கில் ஏற்பட்ட நெரிசலில் 97 லிவர்பூல் ரசிகர்கள் உயிரிழந்தனர். அதை விசாரித்த நீதிபதி டெய்லரின் 1990ஆம் ஆண்டு இறுதி அறிக்கை, பெரிய அரங்கங்களில் நின்று பார்க்கும் படிக்கட்டுகளை அகற்றி ஒவ்வொருவருக்கும் இருக்கை தர வேண்டுமென்றது. 1935இல் 73,295 பேரை ஒரே ஆட்டத்துக்கு ஏற்ற ஹைபரியில், 1993இல் வடக்கு மாடம் இருக்கைகளுடன் புதிதாகக் கட்டப்பட்ட பின் சுமார் 38,400 பேருக்கே இடமிருந்தது. விரிவாக்கவும் வழியில்லை: இரு புறமும் மாடங்கள் பாதுகாக்கப்பட்ட மரபுக் கட்டடங்கள், சுற்றிலும் வீடுகள். அதே காலத்தில் மான்செஸ்டர் யுனைடெட் தன் ஓல்டு டிராஃபோர்டு அரங்கை 1996இல் 55,000 பேருக்கும் 2000இல் ஏறத்தாழ 68,000 பேருக்கும் விரிவாக்கிவிட்டது. ஆடுகளத்தில் ஆர்சனல் யுனைடெட்டுக்கு நிகராக நின்றாலும், ஒவ்வொரு ஆட்டத்திலும் 30,000 நுழைவுச்சீட்டு அளவுக்குப் பின்தங்கியது. அந்த நாளில் ஒரு கழகத்தின் பொருள்வலிமையை அளக்கும் கோல் இந்த ஆட்டநாள் வருவாய்தான்; நுழைவுச்சீட்டு, விருந்தினர் அறை, உணவு, பானம் என்று ஆட்டம் நடக்கும் நாளில் அரங்குக்குள் ஈட்டும் பணமே அது.

1998இலும் 1999இலும் ஐரோப்பாவின் உச்சப் போட்டியான சாம்பியன்ஸ் லீகின் ஆட்டங்களை ஆர்சனல் வெம்ப்ளி அரங்கில் நடத்திப் பார்த்தது. பிரான்சின் லான்ஸ் அணிக்கு எதிரான ஆட்டத்துக்கு 73,707 பேர் வந்தனர். அரங்கம் நிறைந்தது, அணி தோற்றது. இரு ஆண்டும் முதல் சுற்றோடு வெளியேற நேர்ந்தது. ஆயினும் இடம் இருந்தால் ஹைபரியைப் போல இரு மடங்கு மக்கள் வருவார்கள் என்பது ஐயமின்றி நிலைநாட்டப்பட்டது. வெம்ப்ளியையே தன் இல்லமாக்கிக்கொள்ளலாம் என்ற யோசனைக்குத் துணைத் தலைவர் டேவிட் டீன் ஆதரவளித்தார். சொந்த அரங்கமே வேண்டுமென்று நின்றவர் டேனி ஃபிஸ்மன் என்ற இயக்குநர். இரவல் வீட்டில் கடனில்லை, ஆனால் வருவாயும் முழுதாகத் தனதில்லை; சொந்த வீட்டில் வருவாய் முழுதும் தனது, கடனும் முழுதும் தனது. கழகம் இரண்டாவதைத் தேர்ந்தது.

1999இல் தேர்ந்தெடுக்கப்பட்ட ஆஷ்பர்ட்டன் குரோவ், ரயில் பாதைகளுக்கு இடையே சிறுதொழிற்கூடங்களும் நகரமன்றத்தின் குப்பை மாற்று நிலையமும் நிறைந்த நிலம். அரங்கம் கட்டுவதென்றால் முதலில் அங்கிருந்த எல்லோருக்கும் வேறிடம் வாங்கித்தர வேண்டும். இஸ்லிங்டன் நகரமன்றம் 2001 டிசம்பரில் ஒப்புதல் அளித்தது. விற்க மறுத்தவர்களின் நிலத்தைப் பொதுநலன் கருதி இழப்பீட்டுடன் எடுத்துக்கொள்ளும் கட்டாயக் கையகப்படுத்தல் அதிகாரமும் துணைக்கு வந்தது. ஒரு தனியார் விளையாட்டுக் கழகத்துக்காகச் சிறுதொழில் செய்வோரை அப்புறப்படுத்துவது பொதுநலனா என்று அவர்கள் தொடுத்த வழக்கை நீதிமன்றம் 2005இல் ஏற்கவில்லை. கேள்வி மட்டும் நியாயமானதுதான். ஒப்புதலுக்கு ஈடாகக் கழகம் புதிய குப்பைக் கையாளும் நிலையத்தையும் ஏராளமான வீடுகளையும் கட்டித்தர வேண்டியிருந்தது. அரங்கம் என்று வெளியே தெரிந்த திட்டத்தின் உள்ளே ஒரு பெரிய மனை வணிகத் திட்டம் ஒளிந்திருந்தது. மொத்தச் செலவான 39 கோடி பவுண்டில் ஒரு பகுதி ஒரு செங்கல் வைக்கும் முன்பே நிலத்துக்கும் இடமாற்றத்துக்கும் போய்விட்டது.

கடன் கேட்கப் போன நேரமும் மோசமானது. கால்பந்து ஒளிபரப்பை நம்பியிருந்த ஐடிவி டிஜிட்டல் நிறுவனம் 2002இல் வீழ்ந்தது. அதே ஆண்டில் லெஸ்டர் சிட்டி கழகம் 32,000 பேருக்கான புதிய அரங்கைத் திறந்தது. அந்த வசந்தத்தில்தான் உச்சப் பிரிவிலிருந்து இறக்கப்பட்டிருந்த அது, அக்டோபரிலேயே நிர்வாகிகளின் பொறுப்புக்குப் போனது. கடனை அடைக்க முடியாத நிறுவனத்தை நீதிமன்றத்தின் பாதுகாப்பில் வெளியார் நடத்துவதே இந்த ஏற்பாடு. லெஸ்டரின் அரங்கம் கடன் கொடுத்தவர்களிடம் சென்று, கழக உரிமையாளர்களின் கைக்கு 2013இல்தான் திரும்பியது. லீட்ஸ் கழகமோ 2001இல் வருங்கால நுழைவுச்சீட்டு வசூலை அடகு வைத்து 6 கோடி பவுண்டு வாங்கியிருந்தது. அந்தப் பணம் கட்டடத்துக்குப் போகவில்லை, ஆட்டக்காரர்களை வாங்குவதில் கரைந்தது. 2004இல் அந்த அணியும் இறக்கப்பட்டது. இவற்றையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த வங்கிகள் தயங்கியதால் 2003இல் ஆஷ்பர்ட்டன் குரோவில் வேலை நின்றது. திறப்பு 2006க்குத் தள்ளிப்போனது.

கடனைச் சுமக்க வேண்டுமானால், எதிர்கால வருவாயை முன்கூட்டியே விற்றுக் கையில் காட்ட வேண்டியிருந்தது. எமிரேட்ஸ் விமான நிறுவனத்தோடு 2004 அக்டோபரில் செய்த ஒப்பந்தம் 10 கோடி பவுண்டு மதிப்புடையது: 15 ஆண்டுகளுக்கு அரங்கத்தின் பெயர், 8 ஆண்டுகளுக்கு ஆட்டக்காரர்களின் சட்டை. அரங்கத்துக்கு ஒரு வணிகப் பெயரைச் சூட்ட நிறுவனம் கட்டும் இந்தத் தொகையைப் பெயர் உரிமைக் கட்டணம் என்பர். அன்றைக்கு அது பெரிய தொகை. ஆனால் 2006இல் மான்செஸ்டர் யுனைடெட் சட்டைக்கு மட்டும் நான்கே ஆண்டுக்கு 5.65 கோடி பவுண்டு பெற்றபோது, அவசரத்துக்கு விற்றவனுக்குக் கிடைத்த விலை எவ்வளவு குறைவென்று தெரிந்தது. விளைவதற்கு முன் நெல்லை விற்கும் குடியானவருக்குக் கிடைக்கும் விலை எதுவோ, அதுவே ஆர்சனலுக்கும் கிடைத்தது. இருந்தும் அத்தகைய விற்பனைகள் இல்லாமல் அரங்கமே எழுந்திருக்காது. எமிரேட்ஸ் ஒப்பந்தத்துக்கு முன்பே, 2004 பிப்ரவரியில், வங்கிக் கூட்டமைப்பொன்று 26 கோடி பவுண்டு தரச் சம்மதித்தது. தாம் ஐந்தாண்டு கழகத்தில் நீடிப்பதற்கு வங்கிகள் உறுதி கேட்டதாகவும், அந்த ஐந்தில் மூன்றாண்டாவது சாம்பியன்ஸ் லீகுக்குத் தகுதிபெற்று ஆட்டத்துக்குச் சராசரியாக 54,000 பேரை வரவழைக்க வேண்டிய நிலை இருந்ததாகவும் பயிற்சியாளர் ஆர்சன் வெங்கர் பின்னாளில் கூறினார். ஆட்டத்தின் முடிவு தவணைக் கணக்கின் ஒரு வரியாகிவிட்ட அரிய தருணம் அது.

2006 ஜூலையில் அரங்கம் திறந்ததும் வங்கிக் கடன் கடன் பத்திரமாக மாற்றப்பட்டது. கடன் பத்திரம் என்பது ஒரே வங்கிக்குப் பதில் பல முதலீட்டாளர்களிடமிருந்து குறித்த வட்டிக்கு நீண்ட காலத்துக்குப் பெறும் கடன். இங்கே நுழைவுச்சீட்டு வருவாயே அதற்குப் பிணை. பெரும்பகுதியான 21 கோடி பவுண்டுக்கு ஆண்டு வட்டி 5.14 விழுக்காடு என்று உறுதியானது. வட்டியும் அசலும் சேர்த்து ஆண்டுக்குக் கட்ட வேண்டியது சுமார் 2 கோடி பவுண்டு. தவணை தவறாதிருக்க ஒரு பெருந்தொகையை எப்போதும் தொடாமல் ஒதுக்கி வைக்க வேண்டுமென்பதும் நிபந்தனை; கழகத்தின் கையிருப்பு செழிப்பாகத் தோன்றிய ஆண்டுகளிலும் அதன் ஒரு பகுதி பூட்டிய பெட்டிக்குள்ளேயே இருந்தது.

வரவு எதிர்பார்த்தபடியே வந்தது. ஹைபரியின் கடைசிப் பருவத்தில் 4.41 கோடி பவுண்டாக இருந்த ஆட்டநாள் வருவாய், 60,000 பேர் அமரும் புதிய அரங்கின் முதல் பருவத்தில் 9.06 கோடியாக உயர்ந்தது. கூடுதலாக வந்த நாலரைக் கோடிக்கு மேற்பட்ட தொகையிலிருந்து கடன் தவணையைக் கழித்தாலும் பாதிக்கு மேல் மிஞ்சியது. இந்த உயர்வின் நுட்பம் வெறும் இருக்கை எண்ணிக்கையில் இல்லை. நடு அடுக்கில் அமைந்த சுமார் 7,000 உயர்தர இருக்கைகளும் 150 தனி அறைகளும் பல ஆண்டுக்கு முன்பணம் கட்டும் வசதியானவர்களுக்கு விற்கப்பட்டன. வருவாயில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அந்த ஒரு வளையத்திலிருந்தே கிடைத்தது. பழைய அரங்கில் நின்று பாடியவர்களின் பிள்ளைகள் மேலடுக்குக்குப் போனார்கள், அல்லது வீட்டில் தொலைக்காட்சியின் முன் அமர்ந்தார்கள். 2013 ஜனவரியில் மான்செஸ்டர் சிட்டி அணி அங்கே ஆட வந்தபோது ஒரு சீட்டின் விலை 62 பவுண்டு. விருந்தணியின் ரசிகர்களுக்கு ஒதுக்கப்பட்ட 3,000 சீட்டுகளில் 900க்கு மேல் விற்காமல் திரும்பின. அரங்கக் கடனின் தவணையை உண்மையில் கட்டியவர்கள் யாரென்று அந்தக் காலி வரிசைகள் சொல்லின.

ஆடுகளத்தில் விலை வேறு விதமாகக் கொடுக்கப்பட்டது. 2004இல் ஒரு தோல்வியுமின்றி லீகை வென்ற அணி, 2005இன் எஃப்.ஏ. கோப்பைக்குப் பிறகு ஒன்பது ஆண்டு எந்தக் கோப்பையும் வெல்லவில்லை. 2007இல் தியரி ஆன்ரியும் 2011இல் செஸ்க் ஃபாப்ரெகாஸும் பார்சலோனாவுக்குச் சென்றனர். 2012இல் ராபின் வான் பெர்சி நேரே மான்செஸ்டர் யுனைடெட்டுக்கே போனார். எல்லா விலகலுக்கும் கடனே காரணமென்று சொல்ல முடியாது. ஆனால் 2003இல் ரோமன் அப்ராமோவிச் செல்சீயையும் 2008இல் அபுதாபி முதலீட்டாளர்கள் மான்செஸ்டர் சிட்டியையும் வாங்கிய பிறகு, நுழைவுச்சீட்டுப் பணத்தைச் சேர்த்துச் சேர்த்துப் போட்டியிடலாமென்ற கணக்கே பழையதாகிவிட்டது. அந்த வறண்ட ஆண்டுகள் அனைத்திலும் வெங்கரின் அணி முதல் நான்கு இடங்களுக்குள் முடித்து ஐரோப்பிய வருவாயைத் தவறாமல் கொண்டுவந்தது. கோப்பையில்லாத காலம் என்று அதை எள்ளியவர்கள், கடன் வாங்கி அரங்கம் கட்டிய லெஸ்டருக்கும் செல்சீக்கும் நேர்ந்ததை மறந்துவிட்டார்கள்; இறங்காமல் நின்றதே அந்த ஆண்டுகளின் பெருஞ்சாதனை.

மனை வணிகப் பகுதியில்தான் உண்மையான ஆபத்து நெருங்கி வந்தது. ஹைபரியின் மரபு முகப்புகளை வைத்துக்கொண்டு, ஆடுகளம் இருந்த இடத்தைத் தோட்டமாக்கி, சுற்றிலும் 700க்கு மேற்பட்ட அடுக்குமாடி வீடுகளைக் கட்டி விற்கக் கழகம் தனிக்கடன் வாங்கியிருந்தது. வீடுகள் முடியும் தறுவாயில் 2008இன் நிதி நெருக்கடி வந்தது. முன்பதிவு செய்தவர்கள் சிலருக்கு வங்கிகள் வீட்டுக்கடன் தர மறுத்தன. 1925இல் வாங்கிய அந்த நிலத்தின் மதிப்பும் லண்டன் வீட்டுச் சந்தையின் விரைவான மீட்சியும் கழகத்தைக் காப்பாற்றின. 2009இல் 29.8 கோடி பவுண்டாக இருந்த நிகரக் கடன், அதாவது கையிருப்பைக் கழித்த கடன், வீடுகள் விற்றதும் 2010இல் 13.6 கோடிக்கு இறங்கியது. சந்தை இன்னும் ஓராண்டு உறைந்திருந்தால் இந்த வரலாறு வேறு மாதிரி எழுதப்பட்டிருக்கும்.

இதற்கிடையே பணம் வரும் வாசலே மாறிவிட்டது. பிரிமியர் லீகின் உள்நாட்டு நேரலை ஒளிபரப்பு உரிமை 2004 முதலான மூன்று பருவத்துக்கு 102.4 கோடி பவுண்டுக்கு விற்றது. 2016 முதலான மூன்று பருவத்துக்கு 513.6 கோடிக்கு விற்றது. 2016-17இல் கடைசி இடத்தில் முடித்து இறக்கப்பட்ட சண்டர்லண்டுக்கு லீக் பகிர்ந்தளித்த பணம் மட்டுமே சுமார் 9.35 கோடி பவுண்டு. ஆர்சனல் ஆண்டுக்கணக்கில் திட்டமிட்டு, கடன்பட்டு, ஆட்டக்காரர்களை இழந்து எழுப்பிய அரங்கின் முதலாண்டு வசூலைவிட அது அதிகம். ஆட்டநாள் வருவாயோ 10 கோடியைத் தொட்ட பின் பல ஆண்டு அங்கேயே நின்றது. இருக்கைகள் அத்தனையும் ஏற்கெனவே விற்றுத் தீர்ந்தவை.

அரங்கத்தின் பெரும்பலன் பங்குதாரர்களுக்கே போய்ச் சேர்ந்தது. சொந்த அரங்கும் சீரான வருவாயும் உள்ள கழகம் என்ற காரணத்தால் அதன் விலை ஏறிக்கொண்டே போனது: 2011இல் அமெரிக்கச் செல்வர் ஸ்டான் குரோன்கி பெரும்பான்மைப் பங்கை வாங்கியபோது மொத்த மதிப்பு சுமார் 73 கோடி பவுண்டு, 2018இல் எஞ்சிய பங்குகளையும் அவர் வாங்கியபோது 180 கோடி. தலைமுறை தலைமுறையாகச் சீட்டு வாங்கியவர்களுக்கு அந்த ஏற்றத்தில் பங்கில்லை. பங்குச் சான்றிதழைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருந்த சிறு பங்குதாரர்கள்கூட 2018இல் கட்டாயமாக விற்க வேண்டியதாயிற்று. இது இந்த வரலாற்றின் ஆறாத புண்.

2020 மார்ச்சில் பெருந்தொற்று அரங்கத்தின் வாயில்களை மூடியது. பத்திரங்களுக்குப் பிணையாக இருந்த நுழைவுச்சீட்டு வருவாயே நின்றுவிட்ட நிலையில், அந்தக் கோடையில் குரோன்கியின் நிறுவனம் கொடுத்த பணத்தைக் கொண்டு அரங்கக் கடன் பத்திரங்கள் உரிய காலத்துக்கு முன்பே தீர்க்கப்பட்டன; வெளியாருக்குப் பட்ட கடன் உரிமையாளருக்குப் பட்ட கடனாக மாறியது. 2020-21 பருவத்தில் ஆர்சனலின் ஆட்டநாள் வருவாய் சுமார் 38 லட்சம் பவுண்டு. அந்த டிசம்பரில் வியன்னாவின் ராப்பிட் அணிக்கு எதிரான ஆட்டத்துக்கு 2,000 பேரை அனுமதித்தார்கள். ஒன்பது மாதங்களுக்குப் பின் வந்த அவர்கள், 60,000 இருக்கைகளின் நடுவே இடைவெளி விட்டு அமர்ந்து பாடினார்கள்.